மாடித் திருப்பத்தில் ஆட்டுக்கல்

எங்களுக்குப் புது குவார்ட்டர்ஸ் மாடியில் கிடைத்தது. மனைவியின் ஆட்டுக்கல்லைத் தூக்கப் பக்கத்து பிளாக் நண்பர்கள் மூன்று பேர் வந்தார்கள். எல்லோருமே என்னைப் போல நிலக்கரிச் சுரங்கத்து மைன்ஸ்காரர்கள். படி திரும்பும் இடத்தில் மூச்சு வாங்கக் கல்லை இறக்கினோம். அங்கேதான் வினை.

“இதுக்கே இப்படின்னா, பிரமிடு கல்லை எப்படிங்க ஏத்தியிருப்பான்?” என்றார் ஒருவர்.

மண்ணைச் சரிவாகக் கொட்டி இழுத்திருப்பார்கள் என்றேன். சுரங்கத்தில் வெட்டிய மண்ணை வெளியே கொண்டுபோய்க் கொட்டும் கன்வேயரில் வேலை பார்க்கும் நண்பர் சிரித்தார். “அவ்ளோ மண்ணை யாருங்க அள்ளிக் கொட்டுறது? எல்லாம் தண்ணியில மிதக்க வுட்டதுதான்.”

எனக்குச் சுர்ரென்று வந்தது. தினமும் மலை மலையாக மண் தள்ளுகிற ஆள் கேட்கிற கேள்வியா இது?

செகண்ட் ஷிஃப்ட் பஸ் வரவும் கல்லை அப்படியே விட்டு ஓடினோம். வேலை முடிந்து இறங்கிய ஃபர்ஸ்ட் ஷிஃப்ட் நண்பர்களிடம், மைன்ஸ் வழக்கப்படி, “பாதியில நிக்குது, பாத்துக்குங்க” என்று ஒப்படைத்தோம்.

மறுநாள் காலையிலும் கல் ஒரு படிகூட ஏறியிருக்கவில்லை. அந்த ஷிஃப்ட்டும் பிரமிடு பேசியே கலைந்ததாம். மனைவி மாடித் திருப்பத்திலேயே உட்கார்ந்து மாவாட்டிக்கொண்டிருந்தாள்.

“பிரமிடு கட்டி முடிச்சதும் சொல்லுங்க,” என்றாள், “தோசை ஊத்துறேன்.”