சோளத் துளிர்

அந்த வீட்டுக்கு மூத்த மருமகளாய் வந்த நாளிலிருந்து கொட்டில் அவள் பொறுப்பு. மாடுகளிடம் கொஞ்சிக் கொஞ்சிப் பேசுவாள். "என்கிட்ட ஒரு நாளாவது இப்படிப் பேசியிருக்கியா?" என்று கணவன் கேலி செய்வான். "நீயும் பால் குடு, பேசறேன்" என்பாள்.

அந்தக் கொட்டில் ஒரே முற்பகலில் காலியானது. மழை பொய்த்து, அறுத்த சோளக்கட்டைகள் காய்ந்து நின்ற வருஷம். தூறல் விழுந்ததும் கட்டைகளில் இளந்துளிர் கிளம்பியது. வைக்கோலையே மென்று எலும்பும் தோலுமாய் நின்ற மாடுகளுக்கு ஆசை ஆசையாய் அறுத்துப் போட்டாள். செவலைப் பசு அவள் புறங்கையை நக்கிவிட்டுத் தின்றது. தொட்டி காலியாகுமுன் மூச்சிரைத்துக் கால் மடங்கி விழுந்தது. மற்றவையும் அடுத்தடுத்துச் சாய்ந்தன.

ஓடிவந்த மாட்டு டாக்டர் உதட்டைப் பிதுக்கினார். "வாடின சோளத்தோட துளிர்ல விஷம் இருக்கும்மா. பூ எடுத்தப்புறம்தான் போடணும்."

கணவன் கடிந்து ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதுதான் அவளை அரித்தது. சோறு பிசையும்போது, துணி துவைக்கும்போது, புறங்கையில் அந்தச் சொரசொரப்பான நாக்கு படும். வெடுக்கென்று கையை இழுத்துக்கொள்வாள்.

மறுபடி மாடு வாங்கியபோது தங்கள் நிலத்தில் சோளமே கூடாதென்றாள். வாய்க்காலோரம் நேப்பியர் புல், வரப்பில் வேலிமசால் தீவனச்செடி போட்டாள். மிஞ்சிய புல்லை நறுக்கி, குழியில் மிதித்து, காற்றுப் புகாமல் மூடி ஊறுகாய்ப்புல்லாக்கினாள்.

மீண்டும் ஒரு வறட்சி. தூறலுக்குப் பின் ஓரகத்தி தன் மாடுகளைத் தன் பங்கு நிலத்துச் சோளக்கட்டைப் பக்கம் ஓட்டிப்போனாள். இவள் ஓடிப்போய் வழிமறித்தாள்.

"நகருக்கா. உன் மாடு செத்துச்சுன்னு என் மாடு பட்டினி கிடக்கணுமா?"

"பட்டினி எதுக்கு? என் குழியைத் திறக்கறேன், அள்ளிட்டுப் போ. இதுல மட்டும் வாய் வைக்க விடாதே. வேணும்னா என்னை மிதிச்சுட்டுப் போகட்டும்."

அவள் வழியைவிட்டு நகரவில்லை. ஓரகத்தி மாடுகளைத் திருப்பினாள். குழியைத் திறந்ததும் புளித்த வாடை தெருவரை அடித்தது. மாடுகள் முண்டியடித்துத் தின்றன.

சோளம் பூவெடுத்தபின் ஓரகத்தி ஒரு கட்டு அறுத்துத் தொட்டியில் போட்டாள். "இப்ப ஒண்ணும் ஆகாதுல்லக்கா?"

"ஆகாது" என்றவள் வீட்டுக்குப் போகவில்லை. ஒவ்வொரு மாட்டின் விலாவும் ஏறி இறங்குவதையே பார்த்தபடி உட்கார்ந்துவிட்டாள். கூப்பிட வந்த கணவனும் பக்கத்தில் உட்கார்ந்தான். வெயில் தாழ்ந்தது. மாடுகள் படுத்து அசைபோடத் தொடங்கின.

"போலாமா?" என்றான்.

"இன்னும் கொஞ்ச நேரம்."