நாகு பின்னாடி ஓடி வந்த சத்தம்

டிசம்பர் மாசம் காலைல எங்க ஸ்கூல் கிரவுண்ட்ல கால் வெச்சா, மூஞ்சிக்குப் போடுற பவுடர்ல கால் வெச்ச மாதிரி இருக்கும். பக்கத்துல இருந்த கரண்ட் தயாரிக்கிற பவர் ஹவுஸ் புகைபோக்கி சாம்பல். காத்துல வந்து படிஞ்சிருக்கும். அதுமேல பனி வேற.

எண்ணூர்ல படிச்சவங்களுக்குத் தெரியும்... அந்தச் சாம்பல்ல எவ்ளோ வேகமா ஓடினாலும் சத்தம் வராது.

இத ஏன் மொதல்லயே சொல்றேன்னா, நாகுவுக்குக் கேட்டது காலடிச் சத்தம்.

நாகவல்லி. ப்ளஸ் ஒன்ல என் பெஞ்ச். அவ அப்பா கடலுக்குப் போறவரு, வூடு பக்கத்துக் குப்பத்துல. ஒல்லியா, நெட்டையா இருப்பா. ஓட்டத்துல அவள அடிச்சிக்க ஆள் கெடையாது. டைம்டேபிள்ல பி.டி. பீரியட்னு இருக்கும், ஆனா பாதி நாள் ஃபிசிக்ஸ் சார் வந்து புடுங்கிக்குவாரு. அதனால பி.டி. மிஸ் எங்கள ப்ரேயருக்கு முன்னாடியே வர வெச்சு ஓட வுடுவாங்க. ஜோனல் மீட் நெருங்கிகினு இருந்துச்சு. எங்க ஸ்கூலுக்கு இருந்த ஒரே நம்பிக்கை நாகு தான்.

ஒரு நாள் ஓடி முடிச்சிட்டு வந்து என் காதுகிட்ட சொன்னா.

"எம் பின்னால யாரோ ஓடியாராங்கடி. நான் நின்னா அவங்களும் நிக்கிறாங்க. ஆனா கொஞ்சம் லேட்டா நிக்கிறாங்க."

நான் சிரிச்சேன். அவ சிரிக்கல.

அப்புறம் ஓடுற அன்னைக்கெல்லாம் அதே பேச்சு. சில நேரம் அந்த அடி நடுவுல அப்டியே நின்னுடுமாம்... அப்புறம் ஓங்கி ஒண்ணு விழுந்து திரும்ப ஆரம்பிக்குமாம். தொரத்துறத விட அது நிக்கிறது தான் பயமா கீதுன்னு சொன்னா.

கிளாஸ்ல விஷயம் பரவிடுச்சு. எப்பவோ இங்க படிச்ச ஒரு பொண்ணு தண்ணில போயிட்டான்னு ஒருத்தி சொன்னா. அவ நல்லா ஓடுவாளாம்னு இன்னொருத்தி சேத்தா. நாகுவோட அம்மா பயந்துபோய் தர்காவுக்குக் கூட்டினு போய் மந்திரிச்சு, கைல கருப்புக் கயிறு கட்டிட்டு வந்தாங்க.

கயிறு கட்டின பிறகும் சத்தம் நிக்கல.

ஒரு காலைல ரொம்பப் பனி. கோல் போஸ்ட் கூடத் தெரியல. பயமா இருக்கு, கூட வாடின்னு நாகு கூப்ட்டா, சேந்து ஓடினோம். கிரவுண்டுக்கு அந்தப் பக்கம் காம்பவுண்டு செவுரு கிட்ட திடீர்னு நின்னு என் கையப் புடிச்சா.

"கேக்குதா?"

மூச்ச அடக்கிகினு நின்னேன்.

கேட்டுச்சுங்க. தொம்... தொம்...னு. கிட்டவா, தூரவான்னு சொல்லத் தெரியல. திரும்பிப் பாத்தேன். சாம்பல்ல எங்க ரெண்டு பேரோட கால் தடம் மட்டும் தான் இருந்துச்சு.

அது இன்னான்னு இன்னைக்கு வரைக்கும் எனக்குத் தெரியாது.

அந்த வாரமே ஹெல்த் கிளாஸ். அதிசயமா ஃபிசிக்ஸ் சார் லீவு. ஓடிட்டு வந்து பக்கத்துல இருக்கறவங்களுக்கு பல்ஸ் பாக்கணும். கட்டைவிரல் வெக்காதீங்க, அதுக்கே தனியா ஒரு துடிப்பு உண்டுன்னு பி.டி. மிஸ் சொல்லிக் குடுத்தாங்க. நான் கருப்புக் கயித்தக் கொஞ்சம் தள்ளிட்டு நாகு மணிக்கட்டுல ரெண்டு விரல் வெச்சேன்.

சுத்தியால தட்டற மாதிரி அடிச்சுது. அடிச்சுகினே இருந்து... நின்னுடுச்சு.

என் விரலுக்குக் கீழ ஒண்ணுமே இல்ல. நாகு கண்ண முழிச்சு என்னயே பாத்துகினு இருக்கா. அப்புறம் ஓங்கி ஒரு அடி. கைய வெடுக்குனு எடுத்துட்டேன்.

அவ மெதுவா சொன்னா. "இப்ப கேட்டுச்சே... அது தான்டி."

மிஸ்ஸ கூப்ட்டேன். மிஸ் வந்து கையப் புடிச்சாங்க, கழுத்துல விரல் வெச்சாங்க. அப்புறம் நாகுவ ஒக்கார வெச்சு, சின்ன வயசுல காய்ச்சல் வந்து முட்டி வீங்குச்சான்னு கேட்டாங்க. வீங்கியிருக்கு. கசாயம் குடுத்து சரியாப் போச்சுன்னு வுட்டுட்டாங்க. மிஸ் அன்னைக்கே ஆட்டோ வெச்சு ஆஸ்பத்திரிக்குக் கூட்டினு போனாங்க.

அந்தக் காய்ச்சல் இதயத்துல ஒரு வால்வ அரிச்சிடுச்சாம். மூடாம ரத்தம் திரும்பி வந்துகினு இருந்திருக்கு. அவ காதுல ஓடினது அவளோட இதயமே தான். ஜோனல் மீட்ல ஓடியிருந்தா டிராக்லயே வுழுந்திருக்கலாம்னு டாக்டர் சொன்னாராம்.

தப்பிச்சதுக்கு நாகு சந்தோஷப்படல. ஓடக் கூடாதுன்னு சொன்னதும் கதறி அழுதா. எங்கிட்ட ஒரே ஒரு கேள்வி தான் கேட்டா, "நீ ஏன்டி மிஸ்ஸ கூப்ட்ட?" அப்புறம் பேசவே இல்ல. ஆபரேஷனுக்கு உள்ள போறதுக்கு முன்னாடி தான் ஆள் அனுப்பி வரச் சொன்னா. போனேன். என் கையப் புடிச்சுகினு படுத்திருந்தா.

இப்ப டோல்கேட் கிட்ட மாடி வூட்ல இருக்கா. எம்.சி. ரோடுல துணிக்கடைல பில் போடுறா. அவளுக்கு வெச்சது உலோக வால்வு. அமைதியா இருக்கற எடத்துல பக்கத்துல ஒக்காந்தா கேக்கும்... டிக், டிக்னு. கடைல கஸ்டமருங்க, இன்னாமா உன் வாட்ச் இவ்ளோ சத்தம் போடுதுன்னு கேப்பாங்களாம். அவ வாட்ச்சே கட்றதில்ல.

என் பொண்ணு இப்ப ப்ளஸ் ஒன். அவளுக்கும் டைம்டேபிள்ல பி.டி. இருக்கு, அவங்க ஸ்கூல்ல மேக்ஸ் மிஸ் எடுத்துக்கறாங்களாம். நாங்களாவது காலைல ஓடினோம்.

போன ஞாயித்துக்கெழம நாகு வூட்டுக்குப் போயிருந்தேன். டீ குடிச்சுகினே பேசிகினு இருந்தோம். கீழ ரோட்ல கண்டெய்னர் லாரிங்க வரிசையா போச்சு, ஜன்னல் எல்லாம் அதிருது. நாகு பேச்ச நிறுத்திட்டா. டம்ளரக் கைல வெச்சுகினு தலைய லேசா சாச்சுகினு ஒக்காந்திருந்தா. அந்த இரைச்சல்ல அவ டிக் டிக் கேக்கல.

கடைசி லாரி போற வரைக்கும் ரெண்டு பேரும் காத்துகினு இருந்தோம்.

டிக்... டிக்...

"ம்... இன்னா சொல்லிகினு இருந்த?"ன்னு கேட்டா.