பிரஸ்ஸை நிறுத்தும் வரி

துவாக்குடியில் ஒரு கம்பெனியில், தகடு வளைக்கிற பிரஸ் மெஷினுக்கு சி மொழியில் புரோகிராம் எழுதுவது என் வேலையாக இருந்தது. மெஷின் ஒவ்வொரு முறை இறங்கும் முன்பும் உள்ளே கை இருக்கிறதா என்று சென்சார் பார்க்கும். அந்தத் தகவலை வைக்க புரோகிராம் கொஞ்சம் மெமரி கேட்கும். சில சமயம் கிடைக்காது. கிடைத்ததா என்று பார்க்காமலேயே மேற்கொண்டு எழுதிப் போகிறவர்களை நான் வாய் கூசாமல் திட்டியிருக்கிறேன். என் புரோகிராமில், மெமரி இல்லையென்றால் பிரஸ் மேலேயே நின்றுவிடும். அதற்கென்று ஒரு வரி வைத்திருந்தேன்.

நின்றது. ஒரே ஷிஃப்டில் மூன்று தடவை. புரோகிராமில் எங்கோ, வாங்கிய மெமரியைத் திருப்பிக் கொடுக்காமல் விட்டிருக்கிறேன். தேட ஒரு வாரம் கேட்டேன்.

“என்னம்மா, சும்மா சும்மா நின்னா சரக்கு எப்படிப் போகும்? ஓடுற மாதிரி பண்ணிக் குடுங்க” என்றார் முதலாளி.

வாய்க்கு வாய் பேசுகிறவள், அன்றைக்கென்று வாயை மூடிக்கொண்டேன். அந்த வரியை எடுத்துவிட்டு, மெமரி கிடைக்காவிட்டால் கடைசியாகப் பார்த்ததையே வைத்து ஓடு என்று எழுதினேன். கடைசியாகப் பார்த்தபோது கை இல்லை. அடிப்பாவி, அடுத்த தடவையும் இல்லாமலேயா இருக்கும்?

நாலாம் நாள் அந்த பிரஸ்ஸை ஓட்டுகிற ஆபரேட்டருக்கு வலது கையில் மூன்று விரல் போயிற்று. முசிறியிலிருந்து பஸ்ஸில் வருகிறவர். ‘அவசரத்தில் நானே கையை விட்டேன்’ என்று, நஷ்டஈடு தராமல் தப்பிக்க கம்பெனியிலேயே எழுதி, அவருடைய இடது கைப் பெருவிரலில் மை தடவி ரேகை வாங்கிக்கொண்டார்கள்.

விரல் போன பதினோராம் நாள்தான் அவரைப் பார்க்க ஆஸ்பத்திரிக்குப் போனேன். பயம், வேறென்ன. கட்டிலுக்குப் பக்கத்தில் அவர் மனைவி உட்கார்ந்திருந்தார்.

“வாங்க மேடம். உங்க மெஷினைச் சொல்லக் கூடாதுங்க. இத்தனை வருஷம் வேலை பாத்துட்டு, கவனமில்லாம கையை விட்டிருக்கேன் பாருங்க” என்றார் ஆபரேட்டர்.

எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். கன்னத்தில் ஒன்று விடுவார் என்றுதான் நினைத்தேன்.

“அப்ப தப்பு என்னுது இல்லீங்களா?”

“இல்லைங்க. என்னுது.”

மனைவி பக்கம் திரும்பினார். “கேட்டியா? பதினோரு நாளா என்னையே திட்டினியே, கேட்டியா?” என்று சொல்லி விம்மி விம்மி அழுதார்.

அந்த அம்மா அழவில்லை. “இதை எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுப்பீங்களா?” என்று என்னைக் கேட்டார்.

பேப்பர் இல்லையே என்று வாயில் வந்துவிட்டது. வெட்கக்கேடு. அந்த அம்மாவே எழுந்து போய் நர்ஸிடம் ஒரு தாள் வாங்கிவந்து என் மடியில் வைத்தார். வேலை போகும் என்று தெரிந்தே எழுதினேன். வாங்கி மடித்து முந்தானையில் முடிந்துகொண்டு, “நீங்க கிளம்புங்க” என்றார்.