யூசுஃப் பாய் மெதுவாகப் பேசிய ருஷ்ய மொழி

சென்ற திங்கட்கிழமை காலை, செங்கல்பட்டிலிருந்து வரும் எங்கள் அலுவலகப் பேருந்தைச் சதுரங்கப்பட்டினம் முனையில் ஓரங்கட்டிவிட்டு ஓட்டுநர் எழுந்து நின்றார். "லைப்ரரி பாய் பூட்டாரு சார். ரூட்டு பஸ்ல ஒக்காந்த வாக்குல உயிர் போயிருக்கு. மடியில டேப்பு ஓடிகினே இருந்துச்சாம். பாடம் கேக்கறாருன்னு கண்டக்டரு எழுப்பாம வுட்டுட்டான்" என்றார்.

எங்கள் ஆராய்ச்சி நிலையத்து நூலகத்தில் உதவியாளராக இருந்தவர் யூசுஃப் பாய். சொந்த ஊர் கோவளம். செங்கல்பட்டு ரயில் நிலையத்துக்கு அருகே ஒற்றை அறையில் தனியாகக் குடியிருந்தார். எனக்கும் அவருக்கும் பேருந்தில் அடுத்தடுத்த இருக்கை. வெகுகாலம் அவரைப் பற்றி எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான். தெரிந்துகொள்ள நான் முயலவும் இல்லை.

நூலகத்துக்கு ருஷ்ய மொழி ஆய்விதழ்கள் மாதந்தோறும் வரும். பிரிக்க ஆளின்றி அலமாரியில் தூங்கும். "யாராவது படித்தால் தேவலை" என்று மேலதிகாரி போகிற போக்கில் ஒருநாள் சொன்னார். அதைக் கட்டளையாக எடுத்துக்கொண்டவர் பாய் ஒருவர்தான். சென்னையில் யாரிடமோ பாட ஒலிநாடாக்களை வாங்கி, செங்கல் கனத்தில் ஒரு டேப் ரெக்கார்டரை மடியில் வைத்துக்கொண்டு பேருந்திலேயே பாடத்தைத் தொடங்கிவிட்டார். நாடாவில் ஒரு பெண் கேள்வி கேட்பாள். இவர் உரக்கப் பதில் சொல்வார். திருக்கழுக்குன்றம் வருவதற்குள் ஒரு பாடம் முடியும். மாலையில் திரும்பும்போது அதே பாடம் மறுபடியும்.

பாட்டரி வலுவிழந்தால் அவர் புதிது வாங்குவதில்லை. நூலகத்து ஜன்னலில் வரிசையாக வெயிலில் காயவைப்பார். "காஞ்சா இன்னும் நாலு நாளு தாங்கும் சார்" என்பார். தாங்கும்தான், ஆனால் நாடா மெதுவாகச் சுழலும். அந்தப் பெண்ணின் குரல் இழுத்து இழுத்து, கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் வரும். அவளைக் கேட்டே கற்ற பாயும் அப்படியே இழுத்துப் பேசினார். ருஷ்ய மொழியின் நடையே அதுதான் என்று நாங்களும் நம்பினோம்.

பேருந்தில் தூங்குவது என் பிறவிக் குணம். இந்தக் கூத்தில் தூக்கம் போயிற்று. 'பயணிகள் சார்பாக' என்று கையெழுத்தில்லாத மனு ஒன்றை நிர்வாகத்துக்கு எழுதிப் போட்டேன். ஆம், எழுதியவன் நான்தான். ஒரே வாரத்தில், பேருந்தில் ஒலிக்கருவிகள் கூடாது என்று அறிவிப்பு வந்தது. பாய் அதை இரண்டு முறை படித்தார். யாரையும் ஏறிட்டுப் பார்க்கவில்லை. மறுநாள் முதல் ஒரு மணி நேரம் முன்னதாகக் கிளம்பும் அரசு ரூட்டு பஸ்ஸுக்கு மாறிவிட்டார். நான் நிம்மதியாகத் தூங்கினேன்.

சில மாதங்கள் கழித்து ஒரு விடுமுறை நாளில் மாமல்லபுரம் கடற்கரைக் கோயிலருகே அவரைத் தற்செயலாகச் சந்தித்தேன். ருஷ்யத் தம்பதியர் இருவர் அங்கே சுற்றிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பாய் சட்டைப் பொத்தானைச் சரிசெய்துகொண்டு அவர்களிடம் போனார். இவர் இழுத்து இழுத்துப் பேச, அவர்கள் சிரிப்பார்கள் என்று எதிர்பார்த்தேன். அந்த அம்மாள் சிரிக்கவில்லை. தணிந்த குரலில் ஏதோ கேட்டார். பாய் பதில் சொன்னார். நடுவே 'ஜெய்னபு' என்ற பெயர் மட்டும் எனக்குப் புரிந்தது. அந்த அம்மாள் அவர் கையைப் பற்றிக்கொண்டு வெகுநேரம் நின்றார்.

அவர்கள் போனபின் மணலில் உட்கார்ந்தோம். என்ன கேட்டார்கள் என்றேன்.

"நம்ம பேச்சு எழவு வூட்டுப் பேச்சாட்டம் கீதாம். வூட்ல யாரு தவறிட்டாங்கன்னு கேட்டாங்க."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"எம் பொஞ்சாதின்னேன். ஆறு வருசம் ஆச்சுன்னேன். தமிழ்ல யாரும் இதைக் கேக்கலியே சார்."

நாலு வருடம் தோளோடு தோள் இடிக்க உட்கார்ந்து வந்தவன் நான். வெட்கமாக இருந்தது. பேச்சை மாற்ற, அறையிலேயே நிம்மதியாகப் படிக்கலாமே என்று கேட்டுவைத்தேன்.

"முடியல சார். உங்க வூட்ல எத்தினி பேருன்னு அந்தப் பொண்ணு டேப்புல கேக்கும். ரூம்ல தனியா ஒக்காந்து அதுக்கு இன்னா பதில் சொல்றது? பஸ்ஸுன்னா நீங்கள்லாம் சுத்தி கீறீங்க. தெம்பா சொல்லலாம். ரூட்டு பஸ்ல யாரு மூஞ்சியும் தெரியல. ஆனா ரூமுக்கு அது தேவலை."

அந்த மனு என்னுடையது என்று அப்போதே சொல்லியிருக்க வேண்டும். மறுநாளே போய் அதைத் திரும்பப் பெற்றிருக்க வேண்டும். பெறப் போனால் குட்டு வெளிப்பட்டுவிடுமே என்று பயந்தேன். நாளைக்குச் சொல்லலாம் என்று ஓராண்டைக் கடத்தினேன். அந்த ஓராண்டில் அவர் ருஷ்யக் கட்டுரைகளுக்குத் தமிழில் சுருக்கம் எழுதத் தொடங்கியிருந்தார். பதினோரு கட்டுரைகள் இன்று நூலகத்தில் இருக்கின்றன. வேண்டுவோர் படிக்கலாம்.

திங்களன்று எங்கள் பேருந்தில் அவர் வந்திருந்தால் பக்கத்தில் நான் இருந்திருப்பேன். அவர் பதில் சொல்லும் குரல் நின்றதும் திரும்பிப் பார்த்திருப்பேன். உயிரைக் காத்திருப்பேன் என்று சொல்லவில்லை. பெயர் சொல்லிக் கூப்பிடவாவது ஓர் ஆள் இருந்திருப்பான்.

அன்று மாலையே கோவளத்தில் அடக்கம். பள்ளிவாசலுக்கு வெளியே அவருடைய தம்பி என் கையைப் பிடித்தார். "பஸ்ல பக்கத்துல ஒக்கார்றவரு ஒருத்தரு கீறாரு, ரொம்ப நல்ல மனுசன்னு அண்ணன் சொல்லிகினே இருக்கும். அது நீங்கதானா?" என்று கேட்டார்.

ஆமாம் என்றேன். அவர் என் தோளில் சாய்ந்து அழுதார். நான் அசையாமல் நின்றேன்.

பாய், அவரிடம் என்னால் சொல்ல முடியவில்லை. உங்களிடம் சொல்கிறேன்: உங்களை அந்தப் பேருந்திலிருந்து இறக்கியவன் நான். மன்னிக்க முடிந்தால் மன்னியுங்கள். ஜெய்னபு அம்மாளிடம் போய்ச் சேருங்கள்.