வீடியோவுக்குப் பின்னால் ஒரு அங்கிள்

என் மனைவிக்குச் சேலை மடிக்கும் தொழில். மடிப்பது என்றால் துவைத்த துணியை மடித்து அலமாரியில் அடுக்குவது இல்லை. கட்டப்போகிறவரின் உயரம், இடுப்பளவு எல்லாம் கேட்டுக்கொண்டு, கொசுவத்தையும் முந்தானையையும் முன்கூட்டியே எடுத்து, இஸ்திரி போட்டு, கிளிப் மாட்டி, பெட்டிக்குள் வைத்துக் கொடுத்துவிடுவாள். வாங்கிப் போகிறவர் ஐந்து நிமிடத்தில் உடம்பில் சுற்றிக்கொண்டு, தானே கட்டியதாகச் சொல்லிக்கொள்ளலாம். எங்கள் தாமான் குடியிருப்பில் கோயில் திருவிழா வந்தால் பாதிப் பெண்கள் இவள் மடிப்பில்தான் நடமாடுவார்கள்.

ஆனால் கல்யாணப்பெண் ஒருத்தியும் அதுவரை இவளிடம் வந்ததில்லை. கல்யாணப்பெண்கள் இப்போதெல்லாம் ஆளைப் பார்த்து வருவதில்லை, வீடியோவைப் பார்த்து வருகிறார்கள். இவளிடம் வீடியோ இல்லை. சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணப் படங்கள் போனில் வந்தால், மணமகளின் முகத்தைப் பார்க்க மாட்டாள். விரலால் பெரிதாக்கி நேரே கொசுவத்துக்குப் போவாள். "இடது பக்கம் தூக்கிக்கிட்டு நிக்குது பாருங்க. நானா இருந்தா விட்டிருப்பேனா?" என்பாள். பிறகு போனைக் கவிழ்த்து வைத்துவிடுவாள்.

அப்படி இருக்கும்போதுதான் பெக்கான் நானாஸ் ஊரிலிருந்து ஒரு பெண் கேட்டாள். முகூர்த்தச் சேலையை மடித்துக் கொடுப்பதோடு, அன்று காலை மண்டபத்துக்கே வந்து கட்டிவிடவும் வேண்டுமாம். "அக்கா, நீங்க சேலை கட்டிவிடற வீடியோ ஒண்ணு அனுப்புங்க. வெள்ளிக்கிழமைக்குள்ள பாத்துட்டு முடிவு சொல்றேன்" என்று செய்தி வந்தது. அன்று திங்கட்கிழமை. என் மனைவி போனைப் பிடித்தபடி நாற்காலியின் நுனியில் உட்கார்ந்திருந்தாள்.

"மொத கல்யாணப்பொண்ணுங்க. இத விட்டுடக் கூடாது" என்றாள்.

"இதென்ன பெரிய விஷயம்? நானே எடுத்துத் தரேன் லா" என்றேன்.

என்னைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். தெப்ராவில் ஒரு பிளாஸ்டிக் தொழிற்சாலையில் இருபத்தெட்டு வருடம் லைன் சூப்பர்வைசராக இருந்தவன். இயந்திரங்களின் இரைச்சலுக்கு மேலே பேசிப் பேசி என் குரல் ஒரே அளவில் நின்றுவிட்டது. காதும் பாதி போய்விட்டது. ஓய்வு பெற்று ஒரு வருடமாக, அதட்டுவதற்கு ஆளில்லாமல் வீட்டில் சும்மா உட்கார்ந்திருந்தேன். வீடியோ என்றதும் மறுபடியும் எனக்கு ஒரு லைன் கிடைத்த மாதிரி இருந்தது.

அன்று மாலையே டிரைபாட் ஒன்றும், வட்டமாக எரியும் விளக்கு ஒன்றும் வாங்கி வந்தேன். சேலை கட்டிக்கொண்டு நிற்க ஆள் வேண்டுமே என்று யோங் பெங்கிலிருக்கும் கொழுந்தியாளைக் கூப்பிட்டோம். அவள் நல்ல வாட்டசாட்டமான பெண். வாயும் அதே அளவு. செவ்வாய்க்கிழமை காலை காரை ஓட்டிக்கொண்டு வந்து இறங்கியவள், ஹாலில் நின்ற விளக்கைப் பார்த்து, "என்ன மாமா, பல்லு புடுங்கப் போறீங்களா?" என்று கேட்டாள்.

முதல் தகராறு போனை எப்படி நிறுத்துவது என்பதில் வந்தது. டிவி படுத்த வாக்கில் இருக்கிறது, சினிமாத் திரை படுத்த வாக்கில் இருக்கிறது, ஆகவே வீடியோவும் படுத்த வாக்கில்தான் என்பது என் கட்சி. ஆனால் நின்றுகொண்டிருக்கும் பெண்ணைப் படுத்த வாக்கில் எடுத்தால், பாதம் தெரியும்போது தலை இல்லை, தலை தெரியும்போது பாதம் இல்லை. டிரைபாடைத் தூக்கிக்கொண்டு பின்னால் போனேன். சோபா இடித்தது. சோபாவைத் தாண்டிப் போனேன். வாசல் வந்தது. கடைசியில் வாசலுக்கு வெளியே, கார் நிறுத்தும் இடத்தில் போய் நின்று, இரும்புக் கதவின் கம்பிகள் வழியாக எடுத்தேன். முழு உருவமும் கிடைத்தது. போட்டுப் பார்த்தால், லாக்கப்பில் ஒரு பெண்மணிக்கு இன்னொரு பெண்மணி சேலை கட்டிவிடுவது போல இருந்தது.

"மாமா, அந்தப் போன நிமித்தி வைங்க லா" என்றாள் கொழுந்தியாள்.

நிமிர்த்தி வைத்தேன். எல்லாம் சரியாகிவிட்டது. அதற்காக அவளுக்கு நான் நன்றி சொல்லவில்லை என்பதையும் இங்கே சொல்லிவிடுகிறேன்.

அடுத்தது காற்றாடி. அது சுற்றினால் முந்தானை பறக்கிறது. நிறுத்தினேன். ஜொகூர் வெயிலில் பத்து நிமிடத்தில் கொழுந்தியாளின் பவுடர் கழுத்துக்கு இறங்கிவிட்டது. துடைத்து அவளை மறுபடி நிற்க வைத்தால், தெருவில் புல் வெட்டும் இயந்திரம் உறுமியது. ஓடிப்போய், "பாங், லிமா மினிட் சாஜா, தோலோங்" என்று மலாயில் கெஞ்சிக் கையெடுத்துக் கும்பிட்டேன். ஐந்து நிமிடம்தானே, புல் வெட்டுகிறவரும் நல்ல மனிதர், இயந்திரத்தை அணைத்துவிட்டு மரத்தடியில் உட்கார்ந்தார். உள்ளே வந்து சிவப்புப் பொத்தானை அழுத்தி ஒன்பது நிமிடம் ஆனபோது, இடமில்லை என்று சொல்லிப் போன் நின்றுவிட்டது. உறவினர் குழுக்களில் வந்த காலை வணக்கப் படங்கள் இரண்டாயிரத்துக்கு மேல் உள்ளே கிடந்தன. ரோஜாப்பூ, சூரியன், கோப்பையில் ஆவி பறக்கும் தேநீர் என்று ஒவ்வொன்றாக நான் அழித்துக்கொண்டிருக்க, கொழுந்தியாள் பாதிக் கொசுவத்தோடு அசையாமல் நின்றாள். புல் வெட்டுகிறவர் அந்த மரத்தடியிலேயே சாப்பாட்டை முடித்துவிட்டார்.

இப்படியாக மதியம் மூன்று மணி வரை எடுத்ததில் நாற்பத்தேழு நிமிட வீடியோ சேர்ந்தது. கொழுந்தியாள் போகும்போது, "அடுத்த தடவ ஆள் வேணும்னா பொம்ம வாங்கிக்கங்க மாமா" என்று சொல்லிவிட்டுக் காரைக் கிளப்பினாள்.

புதனும் வியாழனும் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து வெட்டினேன். எடிட்டிங் கற்றுத்தரும் வீடியோக்களைப் பாதி வேகத்தில் ஓடவிட்டு, நிறுத்தி நிறுத்திப் பார்த்தேன். அந்தச் செயலியில் வீடியோ ஒரு நாடா மாதிரி நீளமாக ஓடும். வேண்டாத இடத்தை வெட்டி எடுக்க வேண்டும். என் விரலோ தொழிற்சாலை விரல். ஒரு நொடியை வெட்டப் போனால் நான்கு நிமிடம் காணாமல் போகும். ஒரு துண்டிலிருந்து அடுத்த துண்டுக்குத் தாவ விதவிதமான வித்தைகள் இருந்தன. எல்லாமே இலவசம் என்பதால் எல்லாவற்றையும் போட்டேன். இதயம் வெடித்து அதற்குள்ளிருந்து முந்தானை வந்தது. பக்கம் புரண்டு கொசுவம் வந்தது. அதற்கு மேல் செயலியிலேயே கிடைத்த நாதஸ்வரத்தைப் போட்டேன். ஒன்றரை நிமிடம். எனக்குக் கண்ணே கலங்கிவிட்டது.

"முடிஞ்சிச்சா? குடுங்க, நான் பாக்கறேன்" என்று மனைவி இரண்டு முறை கேட்டாள். பெண் பதில் சொன்ன பிறகு காட்டி அசத்தலாம் என்று நினைத்து, அவள் குளிக்கப் போன நேரத்தில் அவள் போனிலிருந்தே பெக்கான் நானாஸுக்கு அனுப்பிவிட்டேன்.

வெள்ளிக்கிழமை காலை பதில் வந்தது. குரல் செய்தி. மனைவி சத்தத்தை ஏற்றிவிட்டு மேசைமேல் வைத்தாள்.

"அக்கா, வீடியோ பாத்தேன். மடிப்பு ரொம்ப அழகா இருக்கு. உங்க கை அவ்ளோ பொறுமையா வேலை செய்யிது, எங்க அம்மாவுக்கும் புடிச்சிருக்கு. ஆனா அக்கா, பின்னாடி ஒரு அங்கிள் கத்திக்கிட்டே இருக்காரே, அவர் கல்யாணத்துக்கு வருவாரா? அவர் வரலன்னா உங்களையே வச்சிக்கிறேன் கா."

எனக்கு முதலில் உறைத்தது என்னவென்றால், என்னைவிட மூன்றே வயது சின்னவள் அக்காவாம், நான் அங்கிளாம்.

"நான் எங்க கத்தினேன்?" என்றேன்.

"இப்பக்கூட" என்றாள் மனைவி.

அனுப்பிய வீடியோவைத் தேடி எடுத்துப் போட்டாள். எனக்கு நாதஸ்வரம்தான் கேட்டது. அவள் அலமாரியிலிருந்து இயர்போனை எடுத்து என் காதில் செருகினாள். அப்போது கேட்டது. பாட்டைப் போட்ட நான், அடியில் கிடந்த பழைய சத்தத்தை அணைக்கவில்லை. அதை அணைக்க வேண்டும் என்பதே எனக்குத் தெரியாது. நாதஸ்வரத்துக்குக் கீழே ஓர் ஆள் இரைந்துகொண்டிருந்தான். "ஏய், கையை எடு! கையை! மறைக்குது பாரு!" "வயித்த உள்ள இழு!" "எத்தன தடவ சொல்றது?" "மண்டையில ஏறுதா இல்லயா?" இதயம் வெடித்து முந்தானை வருகிற இடத்தில், "அறிவிருக்கா ஒனக்கு?" என்று கேட்டது.

எனக்கு என் குரல் தெரியும் என்றுதான் அதுவரை நினைத்துக்கொண்டிருந்தேன். இது நானில்லை என்று சொல்ல வாயெடுத்தேன். ஆனால் வீட்டில் வேறு யார் இருக்கிறார்கள்? வெட்கமாக இருந்தது. இயர்போனைக் கழற்றிவிட்டு, சத்தமில்லாமல் ஒருமுறை ஓடவிட்டுப் பார்த்தேன். அதிலும் தப்பிக்க முடியவில்லை. அவள் கை நிதானமாக மடிப்பு எடுத்துக்கொண்டே வரும். திடீரென்று இரண்டு தோளும் காதுவரை ஏறி இறங்கும். மறுபடி கை வேலை செய்யும். மறுபடி தோள் ஏறும். எந்தெந்த இடத்தில் நான் கத்தினேன் என்பதைச் சத்தமே இல்லாமல் அந்தத் தோளைப் பார்த்தே சொல்லிவிடலாம்.

நான் தலை நிமிர்ந்தபோது, அவள் என்னைக் கேட்காமலே பதில் தட்டி அனுப்பியிருந்தாள். ஒரே வார்த்தை. "வரமாட்டார்."

கல்யாணத்தன்று ஓட்டுநராக மட்டும் போனேன். அடுத்த கல்யாணப்பெண்ணுக்குக் காட்ட, இந்த முறை வீடியோவை அவளே எடுப்பதாக ஏற்பாடு. வழியெல்லாம், எந்தப் பொத்தானை எப்போது அழுத்த வேண்டும் என்று அவளுக்குச் சொல்லிக் கொடுத்தேன். மூன்றாவது முறை அவள் தப்பாகச் சொன்னபோது நாக்கின் நுனிவரை ஏதோ வந்தது. ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, ரோட்டோரத்தில் குவித்து வைத்திருந்த அன்னாசிப் பழங்களைப் பார்த்தபடி ஓட்டினேன். மண்டப வாசலில் டிரைபாடைத் தோளில் மாட்டிக்கொண்டு அவள் இறங்கிப் போனாள். நான் எதிரே இருந்த காப்பிக்கடையில் உட்கார்ந்து மூன்று கோப்பை கோப்பி குடித்தேன். உள்ளே மடிப்பு நழுவினால் என்ன ஆகும், விளக்கு போதுமா, போன் நேராக இருக்கிறதா என்று மண்டப வாசலையே பார்த்துக்கொண்டிருந்தேன். அதட்ட ஆளில்லாமல் கவலைப்படுவது எவ்வளவு கஷ்டம் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

பத்து மணிக்குமேல் அவள் வெளியே வந்தாள். நெற்றியெல்லாம் வியர்வை. முகத்தில் அப்படி ஒரு சிரிப்பு.

"மடிப்பு நின்னுச்சா?" என்று கேட்டேன்.

"நின்னுச்சி. பொண்ணோட அம்மா அழுதுட்டாங்க. சிவப்புப் பட்டன நிறுத்தத்தான் மறந்துட்டேன். மொத்தமா ஓடியிருக்கும்."

மொத்தமாகத்தான் ஓடியிருந்தது. ஒரு மணி பத்து நிமிடம். மறுநாள் காலை இயர்போனைச் செருகிக்கொண்டு மேசையில் உட்கார்ந்தேன். இந்த முறை பின்னால் யாரும் இல்லை. ஆனால் ஒரு குரல் நிற்காமல் பேசிக்கொண்டே இருந்தது. என் மனைவியின் குரல். அந்தப் பெண்ணிடம் எதையோ சொல்லிச் சிரிக்க வைக்கிறாள். ஊக்கைப் பல்லில் கடித்துக்கொண்டு பாதிப் பாட்டு முனகுகிறாள். தன் கல்யாணத்தன்று சேலை அவிழ்ந்து, கையால் பிடித்துக்கொண்டே மணவறையைச் சுற்றிவந்த கதையைச் சொல்கிறாள். அது என் கல்யாணமும்தான். எனக்கு அந்தக் கதை தெரியாது.

நடுவில் அந்தப் பெண், "அங்கிள் கோவிச்சிக்கிட்டாரா கா?" என்று கேட்டாள்.

"வெளிய கோப்பி குடிச்சிக்கிட்டு இருக்கார். பாவம் லா. இந்நேரம் அங்க உக்காந்து தவிச்சிக்கிட்டு இருப்பார்."

கொஞ்ச நேரத்தில் கொசுவம் மொத்தமும் கையிலிருந்து நழுவித் தரையில் விழுந்தது. எனக்குத் திக்கென்றது. அவள் தோள் அசையவே இல்லை. "அடடா, விட்டுடுச்சி. பரவால்ல, மறுபடி எடுத்துக்கலாம்" என்று குனிந்தாள்.

அந்த இடத்தில் நிறுத்திவிட்டு, என்னுடைய பழைய நாற்பத்தேழு நிமிடத்தை எடுத்து முழுவதும் கேட்டேன். நான் பேசுகிறேன். கொழுந்தியாள் பதிலுக்குப் பேசுகிறாள். புல் வெட்டும் இயந்திரம்கூடப் பேசுகிறது. என் மனைவி ஒரு வார்த்தை பேசவில்லை. இரண்டு நாள் அதை வெட்டி ஒட்டிய எனக்கு அது கண்ணில் படவே இல்லை.

ஹாலில் அவள் அடுத்த சேலைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். இருந்த இடத்திலிருந்தே ஏதோ சொன்னேன்.

"என்னது?"

மறுபடி சொன்னேன்.

"என்னங்க முணுமுணுக்கறீங்க? ஒண்ணும் கேக்கல. சத்தமா சொல்லுங்க."

"பாட்டு வேணாம், நீ பேசறதே இருக்கட்டும்னு சொன்னேன்! எந்த எடத்தையும் வெட்ட மனசு வரல!"

தெருவுக்கே கேட்டிருக்கும். எதிர்வீட்டு நாய் குரைத்தது. அவள் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்து, சுவிட்சை அணைத்தாள்.

"அதுக்கு ஏன் கத்தறீங்க?" என்று கேட்டபடி வந்து பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து, என் ஒரு காதிலிருந்து இயர்போனை உருவித் தன் காதில் வைத்துக்கொண்டாள். "போடுங்க, அப்படி என்ன பேசியிருக்கேன்னு பாப்போம்."