கலைச்செல்வி கையெழுத்துப் போடாத காலை

பதினெட்டு வயது நிரம்பிய பிள்ளை தன் பணத்தை எடுக்கமாட்டேன் என்று சொன்னதை என் வங்கி வாழ்க்கையில் ஒரே ஒரு முறைதான் கேட்டிருக்கிறேன்.

அன்று கண்டி முழுக்க மூடுபனி. வாவியும் தெரியவில்லை, கரையில் நின்ற மரங்களும் தெரியவில்லை. தெல்தோட்டையிலிருந்து முதல் பஸ்ஸில் வந்த கலைச்செல்வி என் கவுண்டருக்கு முன்னால் ஈரத் தலையோடு இருந்தாள். பக்கத்துக் கதிரையில் அவளுடைய அப்பா முருகையா. தாதியர் படிப்புக்கு அன்று பின்னேரத்துக்குள் பணம் கட்ட வேண்டும். ஒரு கையெழுத்துத்தான் பாக்கி. அவள் பேனையைக் கீழே வைத்துவிட்டாள்.

அவள் கைக்குழந்தையாக இருந்தபோதே அம்மா அவள் பெயரில் சிறுவர் கணக்குத் திறந்திருந்தார். அடுத்த மழையில் மண்சரிவு, தேயிலைத் தோட்டத்தில் அவர்கள் குடியிருந்த லயத்தையும் அம்மாவையும் கொண்டுபோனது. தோட்ட வேலையில் அம்மாவுக்குச் சேர்ந்திருந்த சேமலாப நிதியை அந்தக் கணக்கில் போட்டு, பிள்ளைக்குப் பதினெட்டு ஆகும்வரை யாரும் தொடக்கூடாதென்று நீதிமன்றம் கட்டளையிட்டது.

முருகையா வருஷா வருஷம் பிள்ளையோடு வருவார். காசில் கண் வைத்துத்தான் வருகிறார் என்று ஆரம்பத்தில் நினைத்தேன். எனக்கு வாயும் கொஞ்சம் நீளம்.

“எத்தினை தரம் சொல்றது? ஒரு சதமும் எடுக்கேலாது!”

“எடுக்க வரலைங்க மிஸ். அந்தப் பாரத்தப் புள்ளைக்குக் கொஞ்சம் காட்டுங்க, போதும்.”

கணக்குத் திறந்தபோது நிரப்பிய பாரத்தில் அம்மாவின் சின்னப் படம் ஒட்டியிருந்தது. வீட்டிலிருந்த படங்களெல்லாம் மண்ணோடு போய்விட்டன. மிஞ்சியது இது ஒன்றுதான். வெட்கத்தில் எனக்கு நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. அதன் பிறகு அவர்கள் தலை தெரிந்தாலே கோப்பை எடுத்து வைத்துவிடுவேன். பிள்ளை படத்தை விரலால் தடவிக்கொண்டே இருப்பாள். டோக்கன் மணியும் ஆட்களின் சத்தமும் எங்கோ தூரத்தில் கேட்பதுபோல எனக்கே இருக்கும்.

அன்று காலையும் பேனையை வைத்துவிட்டு அந்தப் படத்தைத்தான் தடவினாள். “கையெழுத்துப் போட்டா இந்தக் கணக்கு மூடிடுமா மிஸ்?”

“ஓம் பிள்ளை. பெரிய ஆக்களின்ர கணக்குப் புதுசாத் திறப்பம்.”

“அப்ப அம்மா?”

பழைய கோப்பு கொழும்புக் களஞ்சியத்துக்குப் போய்விடும். நான் கோப்பை மெல்ல என் பக்கம் இழுத்தேன். அவளுக்கு விளங்கிவிட்டது.

“அப்படின்னா வேணாம் மிஸ். பணம் இங்கயே கெடக்கட்டும்.”

“ஐயோ முருகையா, இவ்வளவு காலமும் போனில ஒரு படம் எடுத்திருக்கலாமே!”

அவர் என் தலைக்கு மேலே கையைக் காட்டினார். “போன் பாவிக்கக் கூடாதுன்னு எழுதியிருக்குங்களே, மிஸ்.”

அந்தப் பலகையை மாட்டச் சொன்னவளே நான்தான்.

என் போனை எடுத்தேன். மற்ற விபரங்களைக் கடதாசியால் மறைத்துவிட்டு, பலகைக்கு நேர் கீழே நின்று படம் எடுத்து அவளுக்கு அனுப்பினேன். பிறகு முகாமையாளரிடம் நானே போய்ச் சொல்லி, நல்லாப் பேச்சும் வாங்கினேன்.

கலைச்செல்வி கையெழுத்துப் போட்டாள். வாசலில் நின்று போனைப் பார்த்தவள், “அப்பா, அம்மாவுக்கு அப்ப என் வயசுதானா?” என்று கேட்டாள். முருகையா தலையாட்டினார். இருவரும் பனிக்குள் இறங்கிப் போனார்கள்.

இன்று கவுண்டரில் இருக்கும் தம்பி, தங்கச்சிமாரே, நீதிமன்றக் கட்டளையை வரி விடாமல் படியுங்கள். கூடவே, பிள்ளை எதைப் பார்க்க வருகிறது என்றும் கேளுங்கள். கலைச்செல்வியின் காசை இத்தனை வருஷம் காத்தேன் என்று எனக்குப் பெரிய பெருமை. அம்மாவை அவள் கையில் கொடுக்க ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை.