கட்டிக் கிடக்காத படகுகள்

படகு எஞ்சினின் உதிரிபாகம் மெயின்லேண்டிலிருந்து தீவுக்கு ஏன் இன்னும் வரவில்லை என்று துறைமுகத்தில் சண்டை போட்டுக்கொண்டிருந்தபோது, சரோஜா மேடம் போய்விட்டார் என்று போன் வந்தது. சண்டையை அப்படியே விட்டுவிட்டுக் கிளம்பினேன். அவரோடு வேலை பார்த்து, இன்று அஞ்சலிக்குக் கூடியிருக்கும் உங்களுக்கு இது புரியும்.

பாதுகாப்புத் துறை ரோந்துப் படகுகளின் பராமரிப்பு ஒப்பந்தத்தை அலுவலகத்தில் கவனித்தவர் அவர். நான் ஒப்பந்தம் எடுத்த கம்பெனியின் ஆள். முன்பெல்லாம் படகு பழுதானால்தான் எங்களுக்குப் பிழைப்பு. அதை அவர் மாற்றினார். படகு புறப்படத் தயாராக இருந்தால்தான் இனிப் பணம். "ரிப்பேருக்குக் காசு குடுத்தா ரிப்பேர்தான் வரும், பாய்," என்பார். மேலதிகாரிகள் நம்பவில்லை. தன் பெயரைப் பணயம் வைத்துத்தான் சம்மதம் வாங்கினார்.

கட்சால் தீவில், மலையகத்திலிருந்து வந்து குடியேறியவர்களின் ரப்பர் தோட்டத்தில் வளர்ந்தவர். பேச்சில் அந்த மலையகத் தமிழ் கடைசிவரை போகவில்லை. வாரக் கூட்டத்தில் அலுவலகம் ஒரு பக்கம், கம்பெனி ஒரு பக்கம் என்று உட்கார விடமாட்டார். ஒவ்வொரு படகுக்கும் இரு தரப்பிலும் ஒருவர் சேர்ந்து உட்கார வேண்டும். "யார் தப்புன்னு பொறகு பேசுவோம். படகு எப்ப கெளம்பும்?" முதலில் முறைத்துக்கொண்டோம். பிறகு ஒரே தட்டில் சமோசா தின்றோம்.

முதல் மழைக்காலம் முழுக்க எல்லாப் படகும் தயார், முழு மார்க் என்றே கணக்கு வந்தது. கேக் வெட்டாத குறைதான். ஒரு மாலை அவர் படகுகள் கட்டும் ஜெட்டிக்கு வந்து ஒரு படகைக் காட்டினார். "இது கடைசியா எப்ப வெளிய போச்சு?"

படகோட்டி தலையைச் சொறிந்தார். "போனா கெட்டுப்போகும் மேடம். மார்க் கொறையும்."

மேடத்தின் ஆட்களும் எங்கள் ஆட்களும் பேசிவைக்காமலே படகுகளைக் கட்டிப்போட்டிருந்தார்கள். எங்களுக்கு அபராதம் போடுவார் என்று நினைத்தேன். அவரோ, அளவுகோலைத் தவறாக வைத்தது தான்தான் என்று மேலிடத்தில் சொல்லப் புறப்பட்டார்.

"வேணாம் மேடம், உங்க சீட் போயிடும்."

"தெரியும் பாய். கட்டிக் கெடக்குற படகுக்கு மார்க் போட என்னால ஏலாது."

சீட் போயிற்று. அவரை ஸ்டோருக்கு மாற்றினார்கள். ஆனால் அவர் சொன்ன திருத்தத்தோடு ஒப்பந்தம் நின்றது: கூப்பிட்ட நேரத்தில் கடலுக்குப் போய்த் திரும்பினால்தான் பணம். அவர் அதற்காக வருந்தியதாக எனக்குத் தெரியாது. ஸ்டோரில் ஃபேன் சுற்றவில்லை என்று மட்டும் திட்டுவார்.

குட்வில் எஸ்டேட் பகுதியில் இருந்த வீட்டிலிருந்து அவர் உடலை எடுத்த அன்று, படகுகளை வரிசையாக நிறுத்தி மரியாதை செய்ய வேண்டும் என்று எல்லோருக்கும் ஆசை. ஆனால் காலையிலேயே எல்லாப் படகுகளையும் கடலுக்குக் கூப்பிட்டு அழைப்பு வந்துவிட்டது. சுடுகாட்டிலிருந்து திரும்பும்போது ஜெட்டியில் நின்றேன். கடல் கொந்தளித்துக்கொண்டிருந்தது. ஒரு படகுகூட இல்லை. அந்தக் காலி ஜெட்டியைத்தான் அவர் நினைவாக நான் வைத்துக்கொள்கிறேன்.